அந்த ரோஜா நிறத்தை எவ்வளவு நம்பலாம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணி ஒருவரின் நீர்வண்ணப் படம் இணையத்தில் சுற்றி வரும்போதெல்லாம் கூடவே ஒரு பாராட்டும் வந்துவிடுகிறது. அந்தக் காலப் புகைப்படம் கறுப்பு-வெள்ளை, ஆகவே அன்றைய நிலத்தின் நிறத்தை நமக்குக் காப்பாற்றித் தந்தது இந்தப் படம்தான் என்பார்கள். கான்ஸ்டன்ஸ் கோர்டன்-கம்மிங்கின் படங்களுக்கு இந்தப் பாராட்டு கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். அவர் போன இடங்கள் அப்படி: இமயமலைச் சரிவு, இலங்கை, ஃபிஜி, டஹிட்டி, யோசெமிட்டி, ஹவாய் எரிமலை. பாராட்டில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிதான் உறுத்துகிறது. நாம் இன்று பார்க்கும் நிறம் மூன்று வாசல்களைத் தாண்டி வந்தது. முதலாவது அவர் கையிலிருந்த வண்ணப்பெட்டி. இரண்டாவது, அதன் பிறகு அந்தத் தாளின்மேல் விழுந்த சுமார் நூற்றைம்பது ஆண்டு வெளிச்சம். மூன்றாவது, படத்தை ஸ்கேன் செய்த கருவி. ஒவ்வொரு வாசலிலும் நிறம் மாறுகிறது. எல்லாப் படத்திலும் ஒரே திசையில் மாறுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அவரைப் பற்றி நாலு வரி போதும். 1837இல் ஸ்காட்லாந்தின் ஆல்டையர் மாளிகையில் பிறந்தவர். ஓவியப்பள்ளியில் படித்ததில்லை. முப்பது வயது தாண்டி, 1868இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து அவருடைய பெரிய பயணங்கள் தொடங்குகின்றன. 1872 முதல் 1874 வரை இலங்கை, 1875இல் ஆளுநர் ஆர்தர் கோர்டனின் குடும்பத்தோடு ஃபிஜி, 1877இல் நியூசிலாந்து, பிறகு ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலில் விருந்தாளியாக டோங்கா, சமோவா, டஹிட்டி, 1878இல் கலிஃபோர்னியா, ஜப்பான், சீனா, 1879இல் ஹவாய். ஒரு நாளைக்குக் கவனமாக வண்ணமிட்ட ஒரு படமாவது வரையாமல் இருப்பதில்லை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். 1924இல் இறந்தார். பணக்கார வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குபவர்கள், நாளுக்கு ஒரு படம் என்று ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வேலை செய்து பார்க்கலாம்.

பெட்டியும் தாளும்

அவர் காலத்துக்குள் நீர்வண்ணம் பயணத்துக்கு ஏற்றதாக மாறியிருந்தது. அதற்கு முந்தைய தலைமுறை கெட்டியான வண்ணக்கட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கரைத்தது. 1830களில் லண்டனின் வின்சர் அண்ட் நியூட்டன் கிளிசரின் கலந்த ஈர வண்ணங்களைச் சின்னப் பீங்கான் கிண்ணிகளில் விற்றது. ஈரத் தூரிகையால் தொட்டால் போதும், வண்ணம் வந்துவிடும். 1841இல் ஜான் ராண்ட் வண்ணம் அடைக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளில் நீர்வண்ணமும் குழாயில் கிடைத்தது. 1834இலிருந்து 'சைனீஸ் வொயிட்' என்ற பெயரில் துத்தநாக வெள்ளை வந்தது. இந்தக் கடைசிச் சமாச்சாரம் எரிமலை நாடுகளுக்குப் போகிறவருக்கு மிக முக்கியம். பழைய ஈய வெள்ளை ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் கறுத்துப்போகும். வெந்நீர் ஊற்றின் ஆவியை ஈய வெள்ளையில் தீட்டினால், அந்த ஊற்றிலிருந்து வரும் வாயுவே அதைக் கறுப்பாக்கிவிடும். துத்தநாகம் கறுப்பதில்லை.

தாள் பெரும்பாலும் துணிக்கந்தலில் செய்து ஜெலட்டின் பசையில் தோய்த்து எடுத்தது. வாட்மன் தாள் என்றால் அன்றைக்குத் தர முத்திரை. இம்பீரியல் அளவு 30 அங்குலத்துக்கு 22 அங்குலம். ஈரமானால் தாள் விரிந்து அலை அலையாக எழும்பும். ஆகவே நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டு, பலகையில் விரித்து, ஓரம் முழுவதும் பசைபோட்டு ஒட்டிக் காயவிடுவார்கள். காய்ந்தால் மத்தளத் தோல்போல இறுகிக்கொள்ளும். பயணத்தில் இதற்கு நேரமில்லாதவர்கள் ஓரம் ஒட்டிய தாள் அடுக்கை வைத்துக்கொண்டு, மேல் தாள் முடிந்ததும் கத்தியை நுழைத்து உரித்தெடுப்பார்கள்.

வெப்பமண்டலத்தில் முதலில் கெடுவது அந்த ஜெலட்டின்தான். ஈரக்காற்றில் பூஞ்சை அதைத் தின்றுவிடும். பார்வைக்குத் தாள் நன்றாகத்தான் இருக்கும். வாஷ், அதாவது தண்ணீர் கலந்து மெல்லியதாகப் பரப்பும் வண்ணம், போட்டவுடன் அங்கங்கே வண்ணம் மையொற்றும் தாளில் விழுந்ததுபோல் உள்ளே இறங்கி, அடர்ந்த புள்ளிகளாக நிற்கும். அதை அழிக்கவும் முடியாது, மேலே இன்னொரு வாஷ் போட்டு மறைக்கவும் முடியாது, ஏனென்றால் அதுவும் அதே இடத்தில்தான் இறங்கும். விவரம் தெரிந்தவர்கள் தாளைத் தகரம் வேய்ந்த பெட்டியில் பூட்டி வைத்தார்கள். தெற்காசியா, பசிபிக் படங்களின் வானத்தில் காணும் பழுப்புப் பொட்டுகளைப் பறவை என்றோ தூறல் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையின் வரிசை ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் பென்சில். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து மலையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளக்காமல் கண்ணை நம்பி வரைந்தால் எந்த மலையும் செங்குத்தாகிவிடும். இந்த நோய் அந்தக் காலப் பயணிகள் பலருக்கும் இருந்தது. அடுத்து, நிழல் விழும் திசையை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிடித்து வைக்கவேண்டும். இரண்டு மணி நேரத்தில் நிழல் இடம் மாறிவிடும் என்பதால், பிறகு கண்ணெதிரே இருப்பதைவிடக் குறித்து வைத்ததைத்தான் நம்பவேண்டும். பிறகு வானம், தொலைமலை, நடுநிலம், கடைசியில் முன்னிலம். நீர்வண்ணத்தில் மிக வெளிச்சமான இடம் என்பது வெறும் தாள். அருவியோ ஆவியோ வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுச் சுற்றிலும் கறுப்பேற்றிக்கொண்டு வரவேண்டும். மறந்து வாஷ் போட்டுவிட்டால் ஈரம் இருக்கும்போதே பஞ்சால் ஒற்றி எடுக்கலாம், காய்ந்தபின் கத்தி முனையால் சுரண்டலாம், இல்லையென்றால் துத்தநாக வெள்ளை. மூன்றுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு: ஒற்றியது மங்கலாக இருக்கும், சுரண்டியதில் தாளின் நார் எழுந்து நிற்கும், வெள்ளை மேலே தடித்துப் படிந்திருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் எது திட்டமிட்டது, எது ஒப்பேற்றியது என்று தெரிந்துவிடும்.

மூன்று நாள், மூன்று மாதம்

1878 ஏப்ரலில் அவர் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனது மூன்று நாள் தங்கும் திட்டத்தோடு. தங்கியது மூன்று மாதம். அந்தப் பருவத்தைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும். அங்கே அருவிகள் பனி உருகும் நீரை நம்பியவை. மே மாதத்தில் பெருக்கெடுக்கும். கோடையின் கடைசியில் 2,425 அடி உயர யோசெமிட்டி அருவியே பாறையில் ஒரு கறையாக வற்றிப்போகும். ஏப்ரல் முதல் ஜூலை வரை என்றால் பனி, வெள்ளம், மலர், வறட்சியின் ஆரம்பம் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் கிடைத்தன.

அங்கே அவர் வரைந்த தாள்களில் பெரும்பாலானவை 30க்கு 20 அங்குல அளவு. வெளியில் உட்கார்ந்து வரையும் நீர்வண்ணத்துக்கு இது மிகப் பெரியது. 600 சதுர அங்குலத்தில் ஒரே சீரான வானம் போடவேண்டுமானால், பலகையைச் சற்றே சாய்த்து, தூரிகையின் கோட்டுக்குக் கீழே ஒரு நீர்விளிம்பு எப்போதும் திரண்டு நிற்குமாறு, இடைவிடாமல் கீழே இறக்கிக்கொண்டு வரவேண்டும். 4,000 அடி உயரத்து வறண்ட மலைக்காற்றில் அந்த விளிம்பு மிகச் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த விளிம்பின்மேல் அடுத்த வீச்சு பட்டால் வானத்தின் குறுக்கே ஒரு கோடு நிரந்தரமாக நிற்கும். தாளின் முதுகையும் நனைத்துக்கொள்வது, தண்ணீரில் ஒரு துளி கிளிசரின் சேர்ப்பது, காலையிலேயே வானத்தை முடித்துவிடுவது எல்லாம் இதற்கான வைத்தியங்கள். ஃபிஜியில் இதற்கு நேர்மாறான தொல்லை: வாஷ் காயவே காயாது, அடுத்த நிறத்தைத் தொட்டால் இரண்டும் கலந்து சேறாகும்.

கிளம்பும்போது அவர் கணக்குப்படி முடிந்த படங்கள் 25. ஏறக்குறைய அதே அளவு படங்கள் கவனமாகக் கோடு வரைந்து பாதி வண்ணமிட்ட நிலையில் இருந்தன. பள்ளத்தாக்கிலேயே படங்களைத் தொங்கவிட்டு ஒரு காட்சியும் வைத்தார்; யோசெமிட்டியில் நடந்த முதல் ஓவியக் காட்சி அதுதான் என்பார்கள். நிறத்தைப் பற்றிய நம் கேள்விக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிப் பாறையைப் பார்க்க முடிந்தது. லண்டன் காட்சியில் யாருக்கும் அந்த வசதி இல்லை.

எனக்கு முக்கியமாகப்படுவது அந்தப் 'பாதி வண்ணமிட்ட' படங்கள். அவற்றின் மீதி வண்ணம் எங்கே போடப்பட்டது? கப்பலிலோ, ஏதோ ஒரு விருந்தினர் அறையிலோ, ஸ்காட்லாந்து வீட்டிலோ. அந்த இடத்தில் பாறை இல்லை. ஓரத்தில் எழுதிய குறிப்பும் நினைவும் பெட்டியின் பழக்கமும்தான் இருந்தன. பெட்டியின் பழக்கம் சாதாரணமானதில்லை. தொலைவு என்றால் கோபால்ட் நீலமும் ரோஸ் மேடர் என்ற ரோஸ் வண்ணமும், கருங்கல் என்றால் கோபால்ட்டும் லைட் ரெட் என்ற செங்காவியும், இலை என்றால் ஹூக்கர்ஸ் கிரீன் என்ற பச்சை என்று கை தானாகப் போகும். ஒரே நீலச் சாம்பல் இமயத்துக்கும் யோசெமிட்டியின் சியரா மலைக்கும் டஹிட்டிக்கும் ஒத்து வருகிறது என்றால், அந்தச் சாம்பல் காற்றிலிருந்து வந்ததா, பெட்டியிலிருந்து வந்ததா என்று கேட்கத்தான் வேண்டும்.

இதனால் அவரைக் குறைசொல்ல வரவில்லை. கோடுகளும் இடப்பொருத்தமும் வேறு கதை. அவற்றில் அவர் கறாரானவர். மிரர் ஏரிக்கரையில் பூர்வகுடிகளின் வாழ்விடத்தை வரைந்த 1878ஆம் ஆண்டுப் படம் இன்று யோசெமிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1851இல் ஆயுதப்படை அந்த மக்களைப் பள்ளத்தாக்கிலிருந்து விரட்டியது. இருபத்தேழு ஆண்டு கழித்தும் அவர்களில் சிலர் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்தத் தாளும் ஒரு சாட்சி. அதே காலத்தின் பெரிய எண்ணெய் ஓவியங்கள் பலவற்றில் யோசெமிட்டி மனிதரே இல்லாத தேவலோகம்.

ரோட்டோமஹானா

நிறம் பற்றிய இந்தச் சந்தேகம் எனக்குள் உருத்திரண்டது ரோட்டோமஹானாவில். நியூசிலாந்தின் வடதீவில் தாரவேரா எரிமலையின் அடியில் ஒரு சின்ன ஏரி. கரையில் இரண்டு சிலிக்கா படிக்கட்டுகள்: மாவோரிப் பெயர் தே தாரத்தா, வெள்ளையர் வைத்த பெயர் வெள்ளைப் படிகள், எதிர்க்கரையில் ஒதுக்காபுவாரங்கி, அதாவது ரோஸ் படிகள். மேலே ஊற்றிலிருந்து கொதிநீர் வழிந்து இறங்கும்போது கரைந்திருந்த சிலிக்கா படிந்து படிந்து, ஒவ்வொரு படியும் ஒரு தொட்டியாகிவிட்டது. தொட்டி நீர் வெளிர்நீலம். நீரில் மிதக்கும் நுண்ணிய சிலிக்கா ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நீலம் அது. தே வைரோவா கிராமத்திலிருந்து படகில் தாரவேரா ஏரியைக் கடந்து, பிறகு ஓடை வழியே போகவேண்டும். நிலமும் வழியும் மாவோரிகளில் தூஹௌராங்கி மக்களுடையவை. படகுக்கும் வழிகாட்டிக்கும் மட்டுமின்றிப் புகைப்படம் எடுக்கவும் படம் வரையவும் அவர்கள் கட்டணம் கேட்டார்கள். பயணிகள் பலர் இதைக் கொள்ளை என்று எழுதியிருக்கிறார்கள். தங்கள் நிலத்தின் உருவம் விற்பனைப் பொருளாகிறது என்பதை அந்த மக்கள் எல்லோருக்கும் முன்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

1877இல் கோர்டன்-கம்மிங் அங்கே போய் வரைந்தார். 1886 ஜூன் 10ஆம் தேதி அதிகாலையில் தாரவேரா வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், தே வைரோவா புதைந்தது, படிகள் மறைந்தன, ஏரியின் உருவமே மாறிப் பன்மடங்கு பெரிதானது. 2011இல் ஏரியின் அடியை ஒலியலைக் கருவியால் ஆராய்ந்தவர்கள் ரோஸ் படிகளின் ஒரு பகுதியைக் கண்டதாகச் சொன்னார்கள். பிறகு நிலவியலாளர் ஹோக்ஸ்டெட்டரின் 1859ஆம் ஆண்டு அளவைக் குறிப்புகளை வைத்து, படிகள் ஏரிக்கு வெளியே சாம்பலுக்கு அடியில் இருக்கின்றன என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சண்டை தீரவில்லை. எப்படியானாலும், அந்த ரோஸ் நிறத்தைக் கண்ணால் பார்த்த கடைசி மனிதர் இறந்து வெகுகாலமாகிவிட்டது. புகைப்படங்கள் இருக்கின்றன, எல்லாம் ஒற்றை நிறம். ஆகவே இங்கே கண்ணால் பார்க்க ஓவியம் ஒன்றுதான் நிறத்துக்குச் சாட்சி. அந்தப் பாராட்டு வாக்கியம் எங்காவது முழுக்கப் பொருந்தும் என்றால் இங்கேதான் பொருந்தவேண்டும்.

பொருந்துகிறதா? 1870களின் நீர்வண்ணப் பெட்டியில் வெளிர் ரோஸ் நிறத்துக்கு முக்கியமாக மூன்று வழி இருந்தது. ஒன்று கார்மைன் அல்லது கிரிம்சன் லேக்: கொச்சினீல் பூச்சியிலிருந்து வருவது. அழகு, ஆனால் வெளிச்சத்தில் நிற்காது. இரண்டு ரோஸ் மேடர்: வேரிலிருந்து எடுப்பது, மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவு. கார்மைனைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் மெல்லிய வாஷாகப் போட்டால் காலப்போக்கில் வெளுக்கும். மூன்று லைட் ரெட், இண்டியன் ரெட் போன்ற செங்காவிகள்: இரும்பு ஆக்ஸைடு. நூறாண்டு வெயிலில் வைத்தாலும் அசையாது, ஆனால் அதன் ரோஸில் செங்கல் சாயல் கலந்திருக்கும், தூய ரோஜாவாக வராது. கண்ணுக்கு மிக நெருங்கிய நிறம் வேண்டுமென்றால் முதல் இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும். காலத்துக்கு நிற்கவேண்டும் என்றால் மூன்றாவதை எடுக்கவேண்டும். அன்றைக்கு மிகச் சரியாகப் பொருந்திய படம்தான் இன்றைக்கு மிக அதிகமாகப் பொய் சொல்லும்.

பக்கத்து நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். தொட்டி நீருக்கு கோபால்ட். அது அசைவதே இல்லை. ஆகவே கார்மைனும் கோபால்ட்டும் கொண்டு வரைந்த ரோஸ் படிகள் சுவரில் ஐம்பது ஆண்டு தொங்கினால், நீலம் அப்படியே நிற்க, ரோஸ் கரைந்துபோய், கீழே பழுப்பேறிய தாள் தெரியும். பார்ப்பதற்கு அசல் வெள்ளைப் படிகள்போலவே இருக்கும். தலைப்பு எழுதாத தாள் என்றால் எந்தக் கரை என்று தொட்டிகளின் வடிவத்தை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

வானம் இன்னும் விநோதமானது. மேகச் சாம்பலை கோபால்ட்டும் ரோஸ் மேடரும் கலந்து செய்திருந்தால், மேடர் வெளுத்து மேகம் நீலமாகும். அதே சாம்பலை அவுரியும் லைட் ரெட்டும் கலந்து செய்திருந்தால், அவுரி வெளுத்து, காவி மட்டும் நின்று, மத்தியான மேகம் அந்திச் சிவப்பாகும். அதாவது ஒரே மதியத்தை அருகருகே உட்கார்ந்து வரைந்த இரண்டு பேரின் படங்கள், அவர்கள் வாங்கிய வண்ணக்கிண்ணி வேறு என்ற ஒரே காரணத்தால், இன்றைக்கு ஒன்று குளிர்ந்தும் மற்றது சிவந்தும் கிடக்கும். ஓவியர் அந்தி வெளிச்சத்தை ரசித்திருக்கிறார் என்று எழுதும் விமர்சகர் சிலசமயம் ரசிப்பது அவுரி போன தடத்தை.

இலைக்கும் இதே கதை. ஹூக்கர்ஸ் கிரீன் என்பது பிரஷ்யன் நீலமும் கேம்போஜ் பிசினின் மஞ்சளும் சேர்ந்தது. மஞ்சள் முதலில் போகும். இலங்கைக் காட்டிலும் ஃபிஜித் தோட்டத்திலும் மரங்கள் நீலமாக நின்றால், அங்கே மூட்டம் என்று பொருளில்லை. இலங்கை விஷயத்தில் இது வீண் நுணுக்கமுமில்லை. அவர் அங்கிருந்த ஆண்டுகளில் மலைநாடு காப்பித் தோட்டமாக இருந்தது. இலைத்துரு நோய் 1869இலேயே வந்துவிட்டது, 1880களில் காப்பி சரிந்து தேயிலை ஏறியது, அவருடைய இலங்கைப் புத்தகம் வந்த 1892இல் மலைச்சரிவின் பச்சையே வேறு. காப்பி மூடிய சரிவு எந்தப் பச்சை என்று ஒரு நீர்வண்ணத்தைப் பார்த்துக் கேட்டால், அது நமக்குச் சொல்வது மஞ்சள் போனபின் மிஞ்சிய பச்சையைத்தான். சரிவின் கோணம், காட்டின் விளிம்பு எங்கே நின்றது, எது வெட்டவெளி என்பதையெல்லாம் அதே படத்திடம் தைரியமாகக் கேட்கலாம்.

எண்ணெயில் வரைந்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1876-77இல் இலங்கைக்கும் பிறகு தூத்துக்குடி, மதுரை, தஞ்சாவூர் வழியாகத் தென்னிந்தியாவுக்கும் வந்த மேரியன் நார்த், தாளின்மேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய கூடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. எண்ணெயின் படலத்துக்குள் நிறமி புதைந்திருப்பதால் சிவப்பும் மஞ்சளும் பெருமளவு தாக்குப்பிடித்திருக்கின்றன. நீர்வண்ணத்தில் நிறமி கொஞ்சம் அரபிப் பிசினோடு தாளின்மேல் திறந்து கிடக்கிறது. அதன் ஒளிர்வுக்குக் காரணமும் அதுதான், சாவுக்குக் காரணமும் அதுதான். ரோட்டோமஹானாவுக்கும் ஓர் எண்ணெய் சாட்சி உண்டு: வெடிப்புக்கு முன் அங்கே கூடாரம் போட்டுத் தங்கி வரைந்த சார்லஸ் புளோம்ஃபீல்ட். ஆனால் வெடிப்புக்குப் பிறகு தேவை கூடியதும் அவர் தன் மூலப்படங்களைப் பார்த்துப் பல ஆண்டுகள் நகல் வரைந்து விற்றார். அவர் பெயர் போட்ட ரோஸ் எல்லாமே படியைப் பார்த்த ரோஸ் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

1886

தாரவேரா வெடித்த அதே 1886இல், லண்டன் சவுத் கென்சிங்டனில் காலனிய-இந்தியக் கண்காட்சி நடந்தது. கோர்டன்-கம்மிங்கின் படங்கள் அங்கே வைக்கப்பட்டன. அதே ஆண்டு 'டைம்ஸ்' நாளிதழில் நீர்வண்ணங்கள் வெளுக்குமா வெளுக்காதா என்று பெரிய சண்டை. அருங்காட்சியக வெளிச்சத்தில் படங்கள் அழிகின்றன என்று கலை வல்லுநர் ஜே. சி. ராபின்சன் எழுத, ஓவியர்கள் சிலர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபத்துக்கு வியாபாரக் காரணம் இருந்தது. வெளுக்கும் படத்தை யார் விலைகொடுத்து வாங்குவார்கள்?

சண்டையை அரசு, வேதியியலாளர் வில்லியம் ரஸ்ஸலிடமும் ஒளிப்பட வல்லுநர் வில்லியம் ஆப்னியிடமும் ஒப்படைத்தது. 1888இல் அறிக்கை வந்தது. வண்ணம் பூசிய தாள் பட்டைகளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு வெயிலில் வைத்து, ஒரு பகுதியை மறைத்து, மாற்றத்தைப் பதிவு செய்தார்கள். வேகமாக மாறியவற்றின் வரிசையில் தலைமை கார்மைன், அடுத்து கிரிம்சன் லேக். அவுரியும் கேம்போஜும் மேல் பாதியில். ரோஸ் மேடர் நடுவில். காவிகளும் கோபால்ட்டும் பிரெஞ்சு அல்ட்ராமரினும் வரிசையின் கடைசியில், அசையாமல். இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு: காற்றும் ஈரமும் நீக்கிய குழாயில் பெரும்பாலான நிறமிகள் மாறவே இல்லை. வெளிச்சம் தனியாக வேலை செய்வதில்லை. ஆக்ஸிஜனும் ஈரப்பதமும் கூட இருந்தால்தான் வேகம். ஈரமான கடலோர பங்களாவின் சுவரில் ஓர் ஆண்டு தொங்கிய படம் குளிர்ந்த வறண்ட அறையில் பல ஆண்டு தொங்கியதைவிட மோசமாக இருக்கலாம் என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

அறிக்கை வந்தபோது கோர்டன்-கம்மிங்கின் பெரிய பயணங்கள் முடிந்து ஒன்பது ஆண்டு. அவருடைய ரோட்டோமஹானா ரோஸ் இந்த வரிசை வெளிவருவதற்கு முன்பே தீட்டப்பட்டுவிட்டது.

தாளைத் தூக்கிப் பார்ப்பது

இப்படிச் சொன்னால் எந்தப் படத்தையுமே நம்பக்கூடாது என்றாகிவிடும். அவ்வளவு மோசமில்லை, சோதிக்க வழிகள் உண்டு. மிக எளியது மவுண்ட் அட்டையைத் தூக்குவது. சட்டத்துக்குள் அட்டை மூடியிருந்த ஓரத்தில் வெளிச்சம் பட்டிருக்காது. அங்கே கால் அங்குலப் பட்டையில் முதல் நாள் நிறம் இருக்கும். வெளியே வெளுத்த வானமும் ஓரத்தில் ரோஸ் கலந்த வானமும் ஒரு கோட்டில் சந்திப்பதைக் கண்டால் வேறு நிரூபணம் வேண்டாம். சுவரில் தொங்காமல் கோப்பிலேயே கிடந்த படங்கள் இன்னும் நல்ல சாட்சிகள். ஆகவே பிரபலமான படத்தைவிட யாரும் கண்டுகொள்ளாத படமே நிறத்துக்கு நம்பகமானது.

அடுத்தது புற ஊதா விளக்கு. இயற்கை மேடர் அதன் கீழ் செம்மஞ்சளாக ஒளிரும். செங்காவி இருண்டு கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு வெளுத்த மேடரும் விளக்கில் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதுண்டு. துத்தநாக வெள்ளை மஞ்சள்-பச்சையாக ஒளிரும் என்பதால், ஆவியை எங்கே தாளாக விட்டார், எங்கே வெள்ளை பூசினார் என்பதும் தெரியும். இன்னும் ஆழமாகப் போகவேண்டுமென்றால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இரும்பையும் கோபால்ட்டையும் துத்தநாகத்தையும் தாளைத் தொடாமலே சொல்லிவிடும். இரும்பு இல்லாத இடத்தில் சிவப்பு இருந்தால் அது பெரும்பாலும் வேரோ பூச்சியோ.

இணையத்தில் மட்டும் பார்ப்பவர்களுக்கு: படத்தின் ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் கொண்ட அளவு அட்டை சேர்ந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேமரா தானாகச் செய்த வெள்ளைச் சமநிலையை நம்புகிறீர்கள் என்று அர்த்தம். அது பழுப்பேறிய தாளை வெள்ளையாக்கும் முயற்சியில் எல்லா நிறத்தையும் நீலப்பக்கம் தள்ளிவிடும். பிறகு இலையைப் பாருங்கள், நீலமாக இருந்தால் மஞ்சள் போயிருக்கிறது. மேகத்தின் நிழலைப் பாருங்கள், காரணமில்லாமல் சிவந்திருந்தால் அவுரி போயிருக்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதை ஓரளவு நம்பலாம்.

இன்னொரு சாட்சி அவருடைய எழுத்து. பயணப் புத்தகங்களில் அவருடைய படங்கள் ஒற்றை நிற அச்சாகத்தான் வந்தன. வாசகர் நிறத்தை அறிய வார்த்தையை விட்டால் வழியில்லை, ஆகவே அவர் நிறத்தைச் சலிக்காமல் எழுதினார். எழுத்து வெளுப்பதில்லை. ஒரு படியைவிட அடுத்தது ஆழமா, ஈரமான இடம் காய்ந்த இடத்தைவிட எப்படி, நீர் எங்கே நீலம் எங்கே பச்சை என்ற ஒப்பீடுகளை எழுத்திலிருந்தும், கோட்டையும் எல்லையையும் படத்திலிருந்தும் எடுத்துக்கொள்வதே என் வழக்கம்.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் காட்சிக்கூடத்தை நம்பிப் போகவேண்டாம். நீர்வண்ணங்களை 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சத்தில் சில மாதங்கள் வைத்துவிட்டு மறுபடி இருட்டுக்கு அனுப்புவதே நடைமுறை. நீங்கள் போகும் நாளில் படம் பெட்டிக்குள் இருக்கும். முன்கூட்டி எழுதி ஆய்வறையில் பார்க்க நேரம் கேளுங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். படத்தை மவுண்டோடு காட்டினால், பொறுப்பாளரிடம் மவுண்டைத் திறந்து ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் கேளுங்கள், வண்ணம் அதிகம் ஊறிய இடங்களில் முதுகில் கசிந்த நிறம் வெளிச்சம் படாமல் இருப்பதுண்டு.